மாலை வகுப்பும் அண்ணி சொன்ன ஓ.டி.பி.யும்

1

எங்கள் அப்பா, நைனா, இறந்து ஒரு வருஷம் முடிந்ததற்காகக் கவரைப்பேட்டைக்கு வந்தேன். வந்த இடத்தில் அமெரிக்க அரசாங்கத்தோடு வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஊரில் இந்தக் கதை இப்போது ஆளுக்கொரு விதமாக உலவுகிறதாம். "உன் தங்கச்சிய வேலைய உட்டே தூக்கிட்டாங்களாமே" என்று புதுவாயல் கூட்டுரோட்டு டீக்கடையில் ஒருத்தர் என் அண்ணனிடம் துக்கமே விசாரித்திருக்கிறார். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். வேலை போகவில்லை. போயிருந்தால்கூட மனசு இத்தனை கஷ்டப்பட்டிருக்காது.

என் வேலை என்னவென்று அண்ணனுக்கே சரியாகத் தெரியாது. ஒருமுறை கேட்டான். "கம்ப்யூட்டருக்குள்ள திருடன் பூந்துடாம எப்படிப் பாத்துக்கறதுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன்" என்றேன். "அப்போ வாட்ச்மேன் காலேஜுன்னு சொல்லு" என்றான். சைபர் பாதுகாப்புப் படிப்புக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்த மாநாட்டிலும் கேட்டதில்லை.

அந்தக் கல்லூரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் சிறுபான்மைக் கல்லூரி என்றால் சிறுபான்மையினர் நடத்துவது. நானும் அப்படி ஒன்றில்தான் படித்தேன். நான் வேலை பார்க்கிற அமெரிக்காவில் யார் நடத்துகிறார்கள் என்று பார்ப்பதில்லை, யார் படிக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள், ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் படித்தால் அது சிறுபான்மையினருக்கான கல்லூரி. எங்களுடையது தெற்கே, ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. இப்படிப்பட்ட கல்லூரிகளில் சைபர் பாதுகாப்பு கற்பிக்க வாஷிங்டனிலிருந்து தனியாக நிதி வரும். உதவித்தொகை, ஆய்வகம், என் சம்பளத்தில் ஒரு பங்கு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் எங்களுக்கு அது ஒரு பரீட்சை. இந்த வருஷம் கேள்வித்தாள் கொஞ்சம் கடினமாகவே வந்தது.

2

எங்களிடம் இரண்டு வகுப்புகள் உண்டு. பகல் வகுப்பில் பள்ளி முடித்து நேராக வந்த பிள்ளைகள். மாலை வகுப்பில் வேலைக்குப் போகிறவர்கள். சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்குகிறவர்கள், முதியோர் இல்லத்தில் பணி செய்கிறவர்கள், நிஜமாகவே வாட்ச்மேன் வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இரும்பு முனை வைத்த பூட்ஸோடு வந்து உட்காருவார்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிற முகங்கள்தான், நிறம்தான் வேறு.

மாலை வகுப்பில் கீஷா என்று ஒரு பெண். கிடங்கில் வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கை தூக்கிக் கேள்வி கேட்கமாட்டாள், நேராகக் கேட்பாள். உதவித்தொகை வந்த பிறகு கிடங்கில் பாதி நேரம்தான் வேலை. அதனால்தான் அவளால் படிக்க முடிகிறது. அவளைப் போன்றவர்கள் மெதுவாகத்தான் படிப்பை முடிப்பார்கள். நடுவில் குழந்தை பிறக்கும், கார் கெட்டுப்போகும், ஷிஃப்ட் மாறும்.

அதைத்தான் வாஷிங்டன் அலுவலகம் பிடித்துக்கொண்டது. ஏன் இத்தனை பேர் குறித்த காலத்தில் முடிக்கவில்லை, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். பதில் திருப்தியாக இருந்தால்தான் நிதி தொடரும். எங்கள் டீனுக்கு வழி சுலபமாகத் தெரிந்தது. மாலை வகுப்பை நிதியிலிருந்து கழற்றிவிடலாம், மிச்சம் இருப்பவர்கள் நன்றாக முடிப்பவர்கள்தானே என்றார். நான் குதித்தேன். இந்த நிதியே அந்த மாதிரி ஆட்களுக்குத்தான், அவர்களைக் கழித்துவிட்டு யாருக்குச் சொல்லிக் கொடுக்கப்போகிறோம் என்று கேட்டேன். இரண்டு வகுப்பையும் வைத்துக்கொண்டே ஒரு பதில் எழுதி, சக ஆசிரியர் மார்கஸிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். எங்கள் துறையில் என் வலது கை மார்கஸ். நல்லவர், ஆனால் டீன் உரக்கப் பேசினால் பயந்துவிடுவார்.

திட்டத்துக்குப் பொறுப்பாளர் நான். பதிலை மார்கஸ் ஏற்றலாம். ஆனால் கடைசிப் பக்கத்தில் என் போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும். அதைப் போட்டால்தான் பதில் போகும். கையெழுத்துக்குப் பதில் அதுதான். இதை நான் படித்தேன், இதில் இருப்பது உண்மை என்று பொறுப்பாளர் சொல்வதாக அர்த்தம். "பதிலை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுத்தான் எண்ணைத் தருவேன்" என்று மார்கஸிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பதில் அனுப்ப வேண்டிய கடைசி நாளும் நைனாவின் நினைவு நாளும் ஒரே நாளாக வந்து தொலைத்தன.

3

என் அண்ணி எஸ்தரைப் பற்றி ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவின் ஓ.டி.பி. நிலையம் அவள்தான். தெருவில் பாதிப் பேர் தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் வேலை. கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். சிம்மை அடிக்கடி மாற்றுவார்கள். அதனால் கேஸ், ரேஷன், பி.எஃப். என்று எதற்கும் வீட்டோடு இருக்கிற அண்ணியின் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். எவருக்கு எந்த எண் வந்தாலும் அண்ணி உரிய ஆளுக்குச் சொல்லிவிடுவாள். "எயிட் டூ நைன்" என்று இங்கிலீஷில், ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். இதுவரை ஒருத்தர் எண்ணையும் மாற்றிச் சொன்னதில்லை என்பதில் அவளுக்குப் பெருமை. அந்தப் பெருமை நியாயமானதுதான். எங்கள் அம்மா போனபிறகு அந்த வீடு வீடாக இருப்பதே அவளால்தான்.

நான் ஒருமுறை அவளுக்குப் பாடம் எடுக்கப் பார்த்தேன்.

"அண்ணி, யாரு கேட்டாலும் இத சொல்லக்கூடாது. திருடங்க பேங்குல இருக்கற டப்ப எடுத்துனு போயிடுவாங்க."

"எங்க தெருவுல இன்னா டப்பு கீது எடுக்கறதுக்கு? ஷிஃப்ட்டுல மாட்டிக்கினு கீறவன் போன் பண்ணி அண்ணி நம்பர் சொல்லுன்றான். ஏன் எதுக்குன்னு கேட்டுக்கினு நிப்பனா?"

பாடம் அதோடு முடிந்தது.

நினைவு நாளன்று காலையிலிருந்தே வீடு நிறையக் கூட்டம். வாசலில் பிரியாணி அண்டா. வெயில் தாழ்ந்ததும் எல்லாரும் கல்லறைக்குப் புறப்பட்டோம். என் போன் செத்துக் கிடந்ததால் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தேன். பூட்டின திரையிலும் குறுஞ்செய்தி தெரிகிற மாதிரி விட்டிருந்தேன். அதை அணைக்கச் சொல்லித்தான் முதல் வாரமே மாணவர்களை விரட்டுவேன். ஊருக்கு வந்தால் எனக்கும் ஊர்ப்புத்தி வந்துவிடுகிறது. அண்ணி மட்டும் வரவில்லை. அண்டாவைத் தம்மில் போட்டிருந்தார்கள், யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.

கல்லறைக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். பாஸ்டர் நீளமாக ஜெபம் செய்தார். பக்கத்து ரயில்பாதையில் வண்டி போகும்போதெல்லாம் நிறுத்தி, போனபின் தொடர்ந்தார். என் மகள் ஏஞ்சல் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, எப்போது முடியும் என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே இருந்தாள். தாத்தாவை அவள் வீடியோவில்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். அவள்மேல் கோபப்பட்டு என்ன பயன், வளர்த்தது நான்தான்.

திரும்பி வந்ததும் அண்ணி முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தாள்.

"ஸ்டெல்லா, உன் காலேஜுலர்ந்து போன் வந்துச்சு. அந்த மார்கஸ் சாரு. பாவம், இன்னாமோ அவசரம் போல, ஓ.டி.பி. ஓ.டி.பி.ன்னாரு. பாத்தா உன் போன்ல வந்து கீது. சொல்லிட்டேன். தேங்க்யூ தேங்க்யூன்னு எத்தினி வாட்டி சொன்னாரு தெரியுமா."

கூடத்துக்கு ஓடிப் போனை எடுத்துப் பார்த்தேன்.

ஏஞ்சலுக்கு இந்த அளவு தமிழ் புரியும். "அம்மா, நீ கிளாஸ்ல சொல்ற மோசடியே இதுதானே" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தாள்.

"இன்னா சொல்லுது பொண்ணு?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி. பசிக்குதாம்."

4

மொட்டைமாடிக்குப் போய் மார்கஸை அழைத்தேன். அங்கே காலை நேரம். டீன் பக்கத்திலேயே நின்று அழுத்தியதாகவும், எண் சில நிமிஷங்களில் காலாவதியாகிவிடும் என்பதால் அழைத்ததாகவும் சொன்னார்.

"ஒரு பெண் எண்களைச் சொன்னார். நீதான் சொல்லச் சொன்னாய் என்று நினைத்துக்கொண்டேன்" என்றார்.

"நிஜமாகவே நினைத்தீர்களா, வசதிக்காக நினைத்துக்கொண்டீர்களா?"

வாஷிங்டனுக்குப் போன பதிலை அனுப்பச் சொல்லிப் படித்தேன். என் பெயர் இருந்தது. நான் எழுதியது இல்லை. அடுத்த பருவத்திலிருந்து மாலை வகுப்புக்கு இந்த நிதி கிடையாது என்று அழகான இங்கிலீஷில், பணிவாக எழுதியிருந்தார்கள். இதைப் படித்தேன், உண்மை என்று நான் சான்று சொல்லியிருக்கிறேன்.

"ஸ்டெல்லா, நான் சொல்வதைக் கேள்" என்றார் மார்கஸ். "பகல் வகுப்பாவது பிழைத்தது. அந்த எண் உன் சம்மதம் இல்லாமல் போனது என்று நீ வாயைத் திறந்தால் விண்ணப்பத்தையே நிறுத்தி விசாரணை வைப்பார்கள். முடிகிறவரை யாருக்கும் எதுவும் வராது. சைபர் பாதுகாப்பு சொல்லித்தருகிற கல்லூரியில் இப்படி என்றால் அப்புறம் நமக்கு யார் தருவார்கள்?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

தட்டில் பிரியாணியோடு அண்ணன் தாஸ் மேலே வந்தான். நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டான். சொன்னேன்.

"பாதிப் பேராவது பொழைப்பாங்க இல்ல? உடு. போயி சாப்புடு" என்றான்.

"அன்னிக்கு கம்பெனில நைனாவக் கழிச்சப்பவும் இதேதான் சொன்னாங்க."

சொல்லியிருக்கக் கூடாது, அதுவும் அந்த நாளில். சொல்லிவிட்டேன். நைனா இரும்பு உருக்குகிற கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். ஆர்டர் குறைந்தபோது சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசி, நிரந்தர ஆட்களை வைத்துக்கொண்டு காண்ட்ராக்ட் ஆட்களை அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். அந்த ஆட்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போலச் சாப்பாட்டுத் தூக்கோடு போன நைனாவைக் கேட்டிலேயே நிறுத்தி, உன் பேர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குப்பின் செங்கல் சூளை. அவர் அந்தக் கம்பெனியைப் பற்றி ஒரு நாளும் திட்டிப் பேசியதில்லை. அவருக்கும் சேர்த்து நான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் இன்று அதே தொழிற்பேட்டையில் நிரந்தர ஆள். தட்டைச் சுவர்மேல் வைத்தான்.

"அன்னிக்கு அல்லாரும் ஒண்ணா நின்னு கம்பெனிய இழுத்து மூடியிருந்தா நைனாவுக்கு வேல வந்திருக்குமா? அவங்களுக்கும் போயிருக்கும், அவ்ளோதான். நீ படிச்சவ. பேஜாரு புடிச்ச மாதிரி பண்ணாத. உனுக்கு கோவம் வந்தா வரட்டும், அதுக்கு அந்தப் புள்ளைங்க சோத்துல கைய வெக்காத."

"அவங்க சோத்துல கைய வெச்சது நான் இல்லண்ணா."

"இப்ப நீ போன் பண்ணா நீதான்" என்றான்.

என் மனசு முன்பே முடிவு செய்துவிட்டது. என் பெயரில் ஒரு பொய் போயிருக்கிறது. முதல் வாரமே நான் சொல்லித்தருகிற இன்னொரு பாடம் உண்டு. உன் சாவி வேறு கைக்குப் போனது தெரிந்தால் முதலில் வெளியே சொல், மறைத்த ஒவ்வொரு நிமிஷமும் திருடனுக்கு லாபம். இதைச் சொல்லிவிட்டு நானே மூடிக்கொண்டிருந்தால் எந்த முகத்தோடு வகுப்புக்குள் போவேன்? கீஷாவின் முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. நைனா தூக்கோடு திரும்பி வந்த முகமும் கூடவே நின்றது. கோபமா, நியாயமா என்று பிரித்துப் பார்க்கிற நிதானம் அப்போது எனக்கு இல்லை.

5

வாஷிங்டன் அலுவலகத்தில் போனை எடுத்தது ஒரு பெண்மணி. மிகவும் மரியாதையாகப் பேசினார். பொதுவாக அங்கே மரியாதை கூடக்கூட நமக்குக் கெட்ட காலம் என்று அர்த்தம். அந்தப் பதில் நான் சம்மதித்தது அல்ல, நான் இல்லாதபோது என் போனுக்கு வந்த எண் சொல்லப்பட்டுவிட்டது, என்னுடைய பதில் வேறு என்றேன். அவர் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

"எண்ணைச் சொன்னவர் யார்?"

"என் குடும்பத்தில் ஒருவர்."

"அவருடைய பெயர்?"

நான் கூடத்துக்கு இறங்கி வந்திருந்தேன். அண்ணி அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது.

"என் பேரத் தான கேக்கறாங்க? குடு. சொன்னது நானு தான?" என்றாள்.

"நீ சும்மா இரு அண்ணி."

போனில், "அது என் போன். பொறுப்பு என்னுடையது. என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

அந்தப் பெண்மணி நன்றி சொன்னார். விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது, விசாரணை முடிகிறவரை இரண்டு வகுப்புக்கும் நிதி வராது, எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல இயலாது என்றார். இதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

அண்ணி அன்று சாப்பிடவில்லை. உறவுக்காரர்கள் எல்லாம் போனபின் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே, "நான் நல்லதுன்னு நெனச்சி தான சொன்னேன் ஸ்டெல்லா" என்றாள். உன்மேல் தப்பில்லை என்று பலமுறை சொன்னேன். அது உண்மையும்கூட. தெரிந்தே கேட்டவர்கள் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தெரியாமல் சொன்னவள் இங்கே சாம்பலும் கையுமாக அழுகிறாள்.

மறுநாள் எதிர்வீட்டுச் சின்னப் பெண், கேஸ்காரர் வந்திருக்கிறார், நம்பர் சொல்லுங்கள் என்று வந்து நின்றாள். அண்ணி போனை எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "உங்கம்மாவ வரச்சொல்லு" என்று அனுப்பிவிட்டாள். சிலிண்டர்க்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஒரு தெருவையே தாங்கிக்கொண்டிருந்த கையை நான் வந்து கட்டிவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது. ஏஞ்சல்தான் எதிர்பாராத விதமாக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உடைந்த தமிழில், "அத்தை, கேஸ்க்கு சொல்லு. பாங்க்குக்கு சொல்லாத" என்றாள். நான் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்துகிற பாடத்தை அவள் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அண்ணி அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள்.

6

கல்லூரிக்குத் திரும்பியபின் முதல் மாலை வகுப்பு. விஷயம் கல்லூரி முழுவதும் பரவியிருந்தது. டீன் என்னைக் கண்டால் வேறு வாசல் வழியாகப் போனார். மார்கஸ் என் மேஜையில் ஒரு காபி வைத்துவிட்டு நகர்ந்தார். நான் மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மாலை வகுப்பை யாரும் இன்னும் வெட்டவில்லை. அது என் புண்ணியம் என்று ஒரு எண்ணம் இருந்தது.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் கீஷா மட்டும் நின்றாள். கிடங்கு பூட்ஸ், தோளில் பை. உதவித்தொகை நின்றதால் அவள் மறுபடி முழு நேர வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"நீங்கள் போன் செய்யும்போது, எல்லாருக்கும் நின்றுபோகும் என்று தெரியுமா?" என்று நேராகக் கேட்டாள்.

"தெரியும்."

"எங்களுக்காகச் செய்தீர்கள் என்று சொல்கிறார்கள்."

"ஆமாம். உங்களைக் கழித்துவிட்டார்கள் கீஷா. நான் சும்மா இருந்திருக்க வேண்டுமா?"

"டீன் எங்களிடம் கேட்கவில்லை" என்றாள். "நீங்கள் கேட்டீர்களா?"

நேரம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நேரம் இருந்தது. மொட்டைமாடியில் நின்றபோது அவளுடைய நம்பரும் என் போனில்தான் இருந்தது.

"கேட்கவில்லை" என்றேன்.

"கேட்டிருந்தால், என்னை விட்டுவிடுங்கள், பகல் வகுப்பைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லியிருப்பேன். என் தம்பி பகல் வகுப்பில் படிக்கிறான்."

கவரைப்பேட்டையில் ஒரு பெண்ணைப் பார்த்தால் பேரைக் கேட்ட மறுநொடி, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், என்ன செய்கிறார்கள் என்று கேட்டுவிடுவோம். அதையெல்லாம் கேட்பது அநாகரிகம் என்று அமெரிக்காவுக்கு வந்து கற்றுக்கொண்டேன். ஏஞ்சலுக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். கீஷா என் வகுப்பில் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாள், அவன் பகலில் உட்கார்ந்திருக்கிறான். அக்கா, தம்பி என்று எனக்குத் தெரியவில்லை.

"அவன் பேர் என்ன?" என்று கேட்டேன்.

"டெவன்" என்றாள். "நாளைக்கு வகுப்பில் தேடாதீர்கள். என் கிடங்கிலேயே சேர்ந்துவிட்டான். பகல் ஷிஃப்ட்."